தலைக்கணக்கு

எங்களுக்கு முதலில் தெரிந்தவை கால்கள்தாம்.
த்ரியெஸ்தே துறைமுகம். காப்பிக்கொட்டை இறக்கும் கம்பெனி.
மேலே முன்னூறு மேசை, கீழ்த்தளத்தில் நாங்கள் நால்வர்.
"வரவில்லை" என்று போனில் சொல்வார்கள்.
எது வரவில்லை என்று சொல்லமாட்டார்கள்.
போவோம். மண்டியிட்டு மேசைக்கடியில் தவழ்வோம்.

கணக்குப் பிரிவு லியூபாவுக்கு
மதியம்வரை குதியுயர்ந்த செருப்பு, அப்புறம் வெறுங்கால்.
சுங்கத் தாள் சரிபார்க்கும் எஜீதியோவின் இடது சாக்ஸில்
பெருவிரல் எப்போதும் எட்டிப் பார்க்கும்.
அவர் கடவுச்சொல்லும் தெரியும்:
செத்துப்போன நாயின் பெயர், பின்னால் ஓர் எண்.
மூன்று மாதத்துக்கொருமுறை மாற்று என்று சிஸ்டம் விரட்டும்.
நாயை மாற்ற மனம் வராது, எண்ணில் ஒன்று கூட்டுவார்.
அந்த நாய்க்கு இப்போது வயது நாற்பத்தொன்று.

போன வருஷம் சர்வர்களைக் கழற்றினோம்.
எல்லாம் மேகத்துக்குப் போய்விட்டதாம்.
மேகம் அயர்லாந்தில் இருக்கிறதாம்.
பதினெட்டு வருஷம் ஓடிய விசிறிகள் நின்றபோது
காதுக்குள் ஏதோ வலித்தது.

பிறகு எங்களை நான்காம் மாடிக்கு ஏற்றினார்கள்.
கதவில் 'உருமாற்றப் பிரிவு' என்று பித்தளைப் பலகை.
ஜன்னல் நிறையக் கடல், கிரேன், யாரோ ஒருவருடைய பாய்மரப் படகு.
நிர்வாகக் குழுவில் நேவியாவுக்கு ஒரு நாற்காலி.
"செலவு என்ற பத்தியிலிருந்து நம்மை எடுத்துவிட்டார்கள்,
எதில் போட்டார்கள் என்றுதான் தெரியவில்லை" என்றாள்.

எப்போது சரியாகும் என்று கேட்டவர்கள்
என்ன செய்யலாம் என்று கேட்கத் தொடங்கினார்கள்.
அந்தக் கேள்விக்காக நான் ஒரு கோட்டு வாங்கினேன்.

பிப்ரவரி. வெளியே போரா அடித்துக்கொண்டிருந்தது.
சுவர்க் கைப்பிடிகளைப் பற்றிப் பற்றி
ஆட்கள் வேலைக்கு வந்துசேர்ந்த காலை.
கூட்டத்தின் நடுவில் திரை இருண்டது.
உதவி எண்ணை அழைத்தோம். க்ராக்கோவிலிருந்து இனிமையாக ஒரு குரல்:
வரிசையில் நீங்கள் ஆறாவது.
மேசையைச் சுற்றி எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.
பழைய பழக்கம்.
எனக்கும் பழைய பழக்கம்தான்,
கோட்டோடு மண்டியிட்டேன்.

தலைவரின் காலணி, நான் நினைத்ததைவிடத் தேய்ந்திருந்தது.
மிலானிலிருந்து வந்த ஆலோசகருடையது புதிது,
குழிவில் விலைச்சீட்டு அப்படியே இருந்தது.
நேவியா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு
கால்விரல்களால் கம்பளத்தை இறுகப் பற்றியிருந்தாள்.

மேலே பேச்சு நிற்கவில்லை.
பதினான்கு தலை, ஜூனுக்குள், என்றது விலைச்சீட்டு.
சுங்கத் தாள்களைத் தானே படிக்கும் ஒரு நிரல் வந்துவிட்டதே, இனி எதற்கு?
நிரல் நான் எழுதியது. நான்கு மாத உழைப்பு.
நன்றாக ஓடுகிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.
ஈரம் பட்டுக் கலைந்த கையெழுத்தைக்கூடப் படிக்கிறது.
பட்டியலும் என் கணினியில்தான் இருந்தது,
நான்தான் பத்திகளை நேர்ப்படுத்தி
ஒன்றுவிட்டு ஒரு வரிக்கு இளநீலம் பூசியிருந்தேன்.

தலை என்றார்களே.
எஜீதியோவின் தலை எப்படியிருக்கும்?
நரையா, வழுக்கையா, கண்ணாடி உண்டா?
அந்த இருட்டில் எவ்வளவோ யோசித்தேன்,
ஓட்டை சாக்ஸும் பெருவிரலும்தான் வந்தன.

கழன்ற கேபிள் உடனே கிடைத்துவிட்டது.
கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.
"இன்னும் நேரமாகுமா?"
நேவியாவின் குரல்.
கேட்கிறாளா, கேட்டுக்கொள்கிறாளா, புரியவில்லை.
"ஆகும்" என்றேன்.
கம்பளத்தில் விரல்கள் கொஞ்சம் தளர்ந்தன.
அவள் பேசத் தொடங்கினாள்,
முதலில் தாழ்ந்த குரலில், பிறகு வேறு குரலில்.
யாரோ நாற்காலியைப் பின்னே தள்ளினார்.
ஜன்னல் அதிர்ந்துகொண்டே இருந்ததில்
பாதி வார்த்தைகள் எனக்கு எட்டவில்லை.

ஐந்து நிமிஷம் இருந்திருப்பேன்.
ஆறு இருக்கலாம்.
பிறகு செருகினேன்.

திரை எரிந்தது.
இளநீலம், வெள்ளை, இளநீலம்.
யாரோ எனக்கு நன்றி சொன்னார்கள்.